குங்குமம் வைத்த டிரைவும் டேப் சாரும்

காஞ்சிபுரத்தில் சாமிகளுக்கு அடுத்தபடியாகப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கப்பட்டவை எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்தின் டேப்புகள்தான். அவற்றுக்கு அர்ச்சகர், காவலாளி, டாக்டர் எல்லாம் ஒரே ஆள்: டேப் சார். அவருக்கு வேறு பெயர் இருந்ததாக டிசைன் பிரிவில் இருந்த எனக்கே தெரியாது.

கம்ப்யூட்டரில் நாங்கள் வரையும் புடவை டிசைன்களை வாராவாரம் டேப்பில் நகல் எடுத்து வைப்பது அவர் வேலை. டேப்பைப் படுக்க வைத்தால் சண்டைக்கு வருவார். "நிக்க வெய்பா! படுத்தா உள்ள சுருள் சரிஞ்சிக்கும்!" ஏசி அறையில் டிபன் பாக்ஸைத் திறந்த ஒருவரை வாசல்வரை துரத்தியிருக்கிறார். டேப்பை ஓட்டிப் படிக்கும் பழைய டிரைவ் ஒன்றைக் காயலாங்கடைக்குப் போகாமல் மீட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்து வேறு வைத்திருந்தார். அதைத் துடைக்கும் துணியை அவர் மனைவிகூடத் தொடக் கூடாது.

இப்பேர்ப்பட்டவர் ஆயுத பூஜையன்று லீவு போட்டதுதான் வினை. எங்கள் மேனேஜர் பெரிய பக்தர். தராசு, பிரிண்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், டேப் டிரைவையும் விடவில்லை. பொட்டு வைக்க அவருக்கு வாகாக இருந்தது டேப் நுழையும் வாய்தான்.

பூஜை முடிந்து சங்கம் திறந்த அன்று கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது.

அன்றைக்குத்தான் குமுதா அக்கா வந்து நின்றாள். ஊரார் கல்யாணங்களுக்கெல்லாம் நெய்தவள், முதல் முறையாகத் தன் மகளுக்கு நெய்துகொண்டிருந்தாள். உடல் பகுதி முடிந்துவிட்டது. முந்தி டிசைனை ஏற்றிக் கொடுத்தால்தான் தறி மேலே ஓடும். அந்த வாரமே முகூர்த்தம். முந்தியோ இப்போது டேப்பில் மட்டும்தான் இருந்தது.

"சட்டுனு போட்டுப் பாருங்க சார்," என்றார் மேனேஜர்.

டேப் சார் டார்ச் அடித்து டிரைவின் வாய்க்குள் பார்த்தார்.

"யாரு வெச்சது குங்குமம்? இதுல போட்டா டேப்பு முழுக்கக் கீறிக்கும். அப்புறம் அந்தப் பொண்ணு முந்தியில்லாத புடவையத்தான் கட்டிக்கினு உக்காரணும்!"

வீட்டு டிரைவ்தான் கதி. டேப்பைப் பெட்டியில் நிறுத்தி எடுத்துக்கொண்டு, மேனேஜர் உட்பட நாலு பேரும் கிளம்பினோம். வந்த ஆட்டோவின் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர். டேப் சார் ஏற மறுத்தார்.

"பாட்ட நிறுத்திட்டேன் சார்," என்றான் டிரைவர்.

"பாட்டு நின்னா? உள்ள காந்தம் உக்காந்துக்கினு இருக்குதேப்பா! டேப்புல இருக்கறதெல்லாம் அழிஞ்சிபூடும்!"

குமுதா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஸ்பீக்கர் இல்லாத ஆட்டோ கிடைத்து, திருப்பருத்திக்குன்றத்தில் டேப் சார் வீட்டை அடைவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அங்கே போனால் டேப்பை மேஜையில் நிறுத்திவிட்டு, "நாளைக்குக் காலையில வாங்க," என்கிறார்!

"நாளைக்கா? தறி நிக்குது சார்!" என்றாள் குமுதா அக்கா.

"ஏசியிலேர்ந்து வந்த டேப்பு வேர்க்கும்மா. ஈரத்தோட ஓட்டுனா ஒட்டிக்கினு அறுந்துபூடும். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

மேனேஜர் எங்கேயோ ஓடிப்போய்த் தலைமுடி காய வைக்கும் மிஷினோடு வந்தார். டேப் சார் டேப்புக்கும் அவருக்கும் நடுவே கையை விரித்துக்கொண்டு நின்றார். "என்னக் கொளுத்திட்டு அப்புறம் டேப்பக் காய வைங்க சார்!"

மறுநாள் காலை போனபோது அவர் அதே மேஜையருகே நாற்காலியில் இருந்தார், கண்கள் சிவந்து. டேப்பைத் தடவிப் பார்த்தார். டிரைவுக்குள் மெல்லத் தள்ளினார். அது கர்ரென்று ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது. திரையில் வரிவரியாக முந்தி இறங்கியது, அன்னப்பட்சியும் ருத்திராட்சக் கரையுமாக.

குமுதா அக்கா ஓவென்று அழுதாள்.

"டிரைவு மேல கண்ணுத் தண்ணி பூடப் போவுது, தள்ளி நில்லும்மா!" என்று கத்தினார் டேப் சார். பிறகு தானும் டிரைவை விட்டு நன்றாகத் தள்ளிப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முதுகை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.