தெமோதரையில் தொலைந்த பெண்டாட்டி

ஊர் பார்க்க நான் ஒப்பாரி வைத்தது ஒரே ஒரு தடவைதான். அன்றைக்குச் செத்தது யாருமில்லை.

பதுளைக்கு ரயில் வந்த புதிது. சித்திரை மாதம். தேயிலைக்கு நடுவே முள்முருங்கை எல்லாம் சிவப்பாய்ப் பூத்து நின்றது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத செல்லாயியைப் பண்டாரவளையில் ரயிலேற்றினேன். பதுளையில் ராஜா இருந்த பழைய ஊர், புத்த கோயிலின் வெள்ளைத் தாதுகோபம், கடைவீதி எல்லாம் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்புவதாகத் திட்டம். பதுளை ஸ்டேஷனுக்கு அவள் அண்ணன் முத்தையா வருவதாக ஏற்பாடு. அவர் அரிசி மூட்டை சுமக்கிறவர். கல்யாணப் பந்தலிலேயே என் தோளில் கை வைத்து, "தங்கச்சி கண்ணு கலங்குச்சுன்னு கேள்விப்பட்டேன், மாப்பிள்ள, ஒங்கள மடிச்சு சாக்குல கட்டிருவேன்" என்று அன்பாகச் சொன்னவர். (தோள் இன்னும் வலிக்கிறது.)

எனக்கும் அதுதான் முதல் ரயில். ஆனால் செல்லாயியிடம், "ரயிலெல்லாம் நமக்கு மாட்டு வண்டி மாதிரி" என்று அளந்திருந்தேன். அதை நிரூபிக்க, வழியில் ரயில் நின்ற தெமோதரையில் இறங்கி, இரவல் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி பிளாட்பாரத்தில் உலாத்தினேன்.

விசில் ஊதியது. நான் அசையவில்லை. எங்கள் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட இரண்டு தடவை தப்படிப்பார்கள். முதலாவது எழும்ப, இரண்டாவது ஓட. ரயிலுக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். ரயிலுக்கு இரண்டாவது என்று ஒன்று கிடையாது.

கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தது. கண் முன்னே சாக்கு வந்து நின்றது.

"ஐயோ, எம் பொண்டாட்டி போயிட்டாளே! ஒரு மாசம்கூட வாழலியே!"

பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் என்னோடு சேர்ந்து மூக்கைச் சிந்தினார். துணி மூட்டையோடு நின்ற முஸ்லிம் நானா ஒருவர் ஓடி வந்தார்.

"என்ன தம்பி, மவுத்தா?" என்று சாவு விசாரித்தார்.

"இல்ல நானா, ரயில்ல போயிட்டா!"

"அட, இதுக்கா இந்தச் சத்தம்? கத்தாம இரிங்க. அது மலையச் சுத்திக்கிட்டு இப்ப கீழால வரும்."

போன ரயில் என் காலுக்கடியில் வருமாம்! பைத்தியம் எனக்கு மட்டுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிளாட்பாரம் அதிர்ந்தது. ஸ்டேஷனுக்கு அடியில், மலையைக் குடைந்த சுரங்கத்திலிருந்து புகை வந்தது. புகைக்குப் பின்னால் அதே எஞ்சின், அதே பெட்டி. ஜன்னலில் முறுக்குத் தின்றபடி அதே செல்லாயி! அந்தப் பக்கம் போன பெண்டாட்டி இந்தப் பக்கமும் போகிறாளே, இரண்டு செல்லாயியா? ஒருத்திக்கே கோட்டு இரவல் வாங்கியிருக்கிறேன்.

"செல்லாயி, நிப்பாட்டு!" (அவள்தானே ஓட்டுகிறாள்!)

வேலியைத் தாண்டிக் குதித்தேன். மானாப்புல் சரிவு. கோட்டு ஒரு பக்கம் உருண்டது, நான் ஒரு பக்கம் உருண்டேன், வேட்டியை முட்செடி வாங்கிக்கொண்டது. தண்டவாளத்தோரம் வந்து விழுந்தபோது கடைசிப் பெட்டியின் முதுகுதான் தெரிந்தது. செல்லாயி கழுத்தை நீட்டி முழுவதையும் பார்த்துக்கொண்டே போனாள்.

பதுளையில் நடந்தது முத்தையா ஊரெல்லாம் சொன்னதுதான்.

"எங்கடி ஒம் புருசன்?"

செல்லாயி கண் கலங்கவில்லை. முறுக்கை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாளாம்: "மலையிலேருந்து விழுந்துகிட்டு இருக்காருண்ணே. வந்துருவாரு."

அண்ணனும் தங்கையும் ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தார்கள். நான் கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்து போய்ச் சேர்ந்தபோது, திரும்புகிற ரயில் தயாராக நின்றது. முத்தையா என்னை அடிக்கத்தான் கையை ஓங்கினார். சிரிப்பில் கை மேலேயே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து என்னை யார் தேடி வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான். போன வாரம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பொண்ணோட அப்பாவக் காணோமே?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

காப்பித் தட்டோடு போன செல்லாயி மிக மரியாதையாகச் சொன்னாள்:

"விழுந்துகிட்டு இருக்காருங்க. வந்துருவாரு."