கடைசிக் கோட்டை, நான்காம் பாகம்

இந்த வீட்டில் ஒரு விஷயத்திலாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கும்போது, முடிவு செய்தேன். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வெளியே வந்தால் மனைவி முந்திக்கொண்டாள்.

"என்னங்க, ஹால் அலமாரியைக் காலி பண்ணணும்."

"எதுக்கு?"

"எனக்கு வேணும்."

இதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? ஆனால் அது சாதாரண அலமாரி இல்லை. 'கடைசிக் கோட்டை' இருக்கிற அலமாரி.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறேன். சாவி தொலைந்த கார், எண் மறந்துபோன இரும்புப் பெட்டி, உள்ளே தாழ் விழுந்த குளியலறை, எதுவானாலும் திறந்துவிடுவேன். வீட்டில் எனக்கு வாய்ப்பூட்டு. அதற்கு மாற்றுச் சாவி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். "பயப்படாதீங்க, ஒண்ணுமே தெரியாது" என்று சிரித்துக்கொண்டே ஆளை மயக்கத்துக்கு அனுப்பிவைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள். கண் விழித்துப் பார்த்தால் உடம்பில் ஏதாவது ஒன்று போயிருக்கும். வீட்டிலும் அப்படித்தான்.

'கடைசிக் கோட்டை' ஒரு வீடியோ கேம். நீங்கள்தான் வீரன். துணைக்கு நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய், பேயையும் பூதத்தையும் வெட்டி, கடைசியில் ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும். முதல் பாகத்தில் பிடித்தாகிவிட்டது. பிறகு அதன் பின்னால் இன்னொரு கோட்டை இருப்பதாகக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியவந்தது. இப்படியே பதினோரு பாகம். 'கடைசி' என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியில் பொருள் வேறு. என் மனைவி "கடைசியா சொல்றேன்" என்பதும் அதே அகராதிதான்.

பதினோரு பாகமும் என்னிடம் உண்டு. மெத்தை வைத்த பெரிய பெட்டிகள். சிலவற்றில் வரைபடம், சிலவற்றில் பொம்மை வாள், ஒன்றில் பூதத்தின் பல்.

"எல்லாத்தையுமா எடுக்கணும்?" என்றேன். குரலில் கொஞ்சம் ஈரம் சேர்த்துக்கொண்டேன்.

அவள் யோசித்தாள். "சரி, ஒண்ணே ஒண்ணு வச்சுக்கங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

பெற்ற பிள்ளைகளில் எது பிடிக்கும் என்று கேட்டாலும் அப்பன் பதில் சொல்லிவிடுவான். இது கஷ்டம். முதல் பாகத்தை எல்லோரும் மதிப்பார்கள், யாரும் விளையாட மாட்டார்கள். மூன்றாவதில் குதிரை திடீர் திடீரென்று ஆகாயத்தில் நடக்கும், ஆனாலும் குதிரை நல்ல குதிரை. பதினொன்றாவதில் ஆளின் தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும்; கதை மட்டும் அசையாது. நான் அலமாரி முன்னால் நின்றேன். காபி ஆறிப்போனது.

"நாலாம் பாகம்," என்றேன்.

"ஏன்?"

"அதுல ஒரு ஓடக்காரி வருவா. பாதியில நம்மகூட சேருவா. பெருசா பேச மாட்டா, நல்லா சண்டை போடுவா. ஆத்துல வெள்ளம் வர்றப்போ நம்மளை எல்லாம் கரை சேர்த்துட்டு, அவ படகோட முழுகிடுவா. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அழுகை வந்துடும்."

"ஒருத்தி முழுகிப் போறதைப் பார்க்கத்தான் திரும்பத் திரும்ப விளையாடறீங்களா?"

"அது விதிம்மா. காவியம்னா அப்படித்தான்."

"ஓ," என்றாள். தியேட்டரில் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறவளின் "ஓ" அது. "சரி, காவியம் இருக்கட்டும். மிச்சம் பத்தும் சாயங்காலத்துக்குள்ள இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். ஆனால் மனத்துக்குள் ஒரு திட்டம் உதித்திருந்தது. 'இந்த வீட்டில்' இருக்கக் கூடாது என்றுதானே சொன்னாள்? மேல் மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். என்னைப் போலவே கடைசிக் கோட்டைப் பைத்தியம். அவர் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மனைவி குளிக்கப் போனதும், பத்துப் பெட்டிகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு படி ஏறினேன். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பாதிப் படியில் ஒரு சுவர் என் மேல் மோதியது. சுவர் "அம்மா" என்றது.

எட்டிப் பார்த்தேன். அதுவும் ஓர் அட்டைப்பெட்டிதான். அதன் பின்னால் பல் டாக்டர்.

"சார், உங்ககிட்டதான் வந்துட்டிருந்தேன்," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஒரு சின்ன உதவி."

"நானும் உங்ககிட்டதான் டாக்டர்."

இரண்டு பெட்டிகளும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

"உங்க வீட்டுலயுமா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு வச்சுக்கலாம்னு சொல்லிட்டா."

"அதே வார்த்தை!" என்றார் டாக்டர். "என்ன பொருத்தம் பாருங்க சார். உலகத்துல எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான் யோசிக்கிறாங்க."

அதில் ஏதோ இடித்தது. என்ன என்று யோசிப்பதற்குள் கை வலித்தது, விட்டுவிட்டேன். டாக்டரின் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டில் அவர் பக்கம் மட்டும்தான் பிரேக். அவரும் என் மனைவியும் தினமும் மாலையில் சேர்ந்து நடப்பார்கள். உடம்புக்கு நல்லது என்று நான்தான் அனுப்பி வைத்தேன்.

"எங்கேதான் வைக்கிறது?" என்றார் டாக்டர்.

"மொட்டை மாடியில மோட்டார் ரூம் இருக்கு. பூட்டு நான் போட்டது. சாவி ஒண்ணு என்கிட்ட தங்கிடுச்சு."

தொழிலில் இப்படிச் சில சாவிகள் தங்கிவிடுவது உண்டு.

மோட்டார் அறையைத் திறந்ததும் அசந்துபோனோம். தண்ணீர் மோட்டார் ஒரு மூலையில். மறு மூலையில் பழைய டிவி ஒன்று, தூசி துடைத்து. அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி. சுவரில் பளபளவென்று புது பிளக் பாயின்ட்.

"டாக்டர், இந்த நாற்காலியை உங்க கிளினிக்குல பார்த்த மாதிரி இருக்கே."

"நாற்காலின்னா எல்லாம் ஒரே மாதிரிதான் சார் இருக்கும். நாலு கால்."

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

டாக்டர் தன்னுடைய பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு மொட்டை மாடி. வீட்டில் என்ன சொல்வது என்று நான் வாரம் முழுதும் ஒத்திகை பார்த்தேன்.

"ஏம்மா, மேலே மோட்டார் மக்கர் பண்ணுது. குடியிருப்புச் சங்கத்துல என்னைப் பார்த்துக்கச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம் நேரமாகும்."

"மெதுவா பாருங்க. அவசரமே இல்லை." ஒரு பிளாஸ்க் காபியைக் கையில் கொடுத்தாள். கூடவே இரண்டு கப்.

"எதுக்கு ரெண்டு?"

"மோட்டாருக்குத் தாகம் எடுக்காதா?"

என் மனைவிக்கு இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று படி ஏறும்போது நான் பெருமூச்சு விட்டேன். ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் கல்யாணமான புதிதிலேயே தொடங்கியிருக்கலாம்.

மேலே போனால் சண்டை. டாக்டருக்கும் எனக்கும் எந்தப் பாகம் சிறந்தது என்பதில் ஒத்துப்போகாது. அவருக்கு ஏழாம் பாகம் உயிர். அதில் யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலுக்கு வேண்டுமானாலும் மாறலாம். டாக்டர் தன் வீரனை வைத்தியனாக ஆக்கி, கையில் சம்மட்டி கொடுத்து வைத்திருந்தார்.

"வைத்தியனுக்கு எதுக்கு சம்மட்டி?"

"அங்கே யாரும் வாயை மூட மாட்டாங்க சார். கத்தவும் மாட்டாங்க. அந்த நிம்மதி உங்களுக்குப் புரியாது."

"நாலாம் பாகத்துல இருக்கிற சோகம் உங்க ஏழுல இருக்கா?"

"அந்த ஓடக்காரியா? அவ சாகறது கதாசிரியரோட சோம்பேறித்தனம்."

"விதி டாக்டர்!"

"சோம்பேறித்தனம்!"

மோட்டார் ஓட ஆரம்பித்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அப்போது இருவருமே ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம். எனக்கு நினைவு தெரிந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் மும்முரமாகச் சம்மட்டியால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்க வேர்த்திருந்தது. அடுத்த சொட்டு மூன்றாம் பாகத்தின் பெட்டி மேல். அதற்கடுத்தது, எது எதன் மேல் என்று சொல்ல முடியவில்லை.

"டாக்டர், பிளக்கைப் பிடுங்குங்க! பெட்டியைத் தூக்குங்க!"

"எங்கே கொண்டு போறது?"

வேறு எங்கே? நான் என் சட்டையைக் கழற்றி ஓர் அட்டைப்பெட்டியை மூடினேன். டாக்டர் பனியனோடு அடுத்ததை அணைத்துக்கொண்டார். படி இறங்கும்போதே வீரவசனம் தயாரித்துவிட்டேன். 'ஆமாம், ஒளித்துதான் வைத்தேன். பொய்தான் சொன்னேன். ஆனால் இவற்றை மழையில் சாக விட என்னால் முடியாது. என்ன தண்டனை என்றாலும் கொடு.' நல்ல வசனம். சொல்லும்போது பார்வை எங்கே இருக்க வேண்டும் என்றுகூடத் தீர்மானித்திருந்தேன்.

எங்கள் வீட்டுக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

சோபாவில் என் மனைவி, கால் மேல் கால் போட்டு. பக்கத்தில் டாக்டரின் மனைவி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என் மனைவிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "இடது பக்கம் அக்கா, இடது பக்கம், கண்ணாடியைப் பாருங்க." கன்ட்ரோலர் என் மனைவி கையில்.

திரையில் நான்காம் பாகம். ஆற்றைத் தாண்டி, வெள்ளத்தைத் தாண்டி, பனிமலை. வீரனுக்குப் பின்னால் வரிசையாகத் துணைவர்கள். அதில் கடைசியாக, நான் பார்த்தே இராத ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோளில் துடுப்போடு நடந்து வருகிறாள் ஓடக்காரி.

வசனம் மறந்துபோனது. அட்டைப்பெட்டி கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. வலி பிறகுதான் தெரிந்தது.

"இவ எப்படி உயிரோட இருக்கா?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். "ஏன் சாகணும்?"

"வெள்ளத்துல... படகு..."

"படகுல தண்ணி ஏறுது, கொஞ்சம் வந்து இறைச்சுக் கொடுங்கன்னு கரையில நின்னு கூப்பிட்டா. போய் இறைச்சுக் கொடுத்தேன். நீங்க என்ன பண்ணினீங்க?"

நான் என்ன பண்ணினேன்? அந்த இடத்தில் பக்கத்துக் குகையில் ஒரு புதையல் பெட்டி இருக்கும். பூட்டிய பெட்டி. பூட்டைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது. ஓடக்காரி கூப்பிடும்போது திரையில் இரண்டு பதில் வரும். ஒன்று 'வருகிறேன்'. இன்னொன்று 'இதோ வருகிறேன்'. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

"'இதோ வரேன்'னு சொல்லிட்டு..." என்று இழுத்தேன்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால் தேவலை. டாக்டர் என் பக்கம் நிற்பார் என்று திரும்பினேன். அவர் தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷம் நான் அழுத அழுகை எல்லாம் கண் முன்னால் வந்து போனது. அவளைக் கொன்றது விதி இல்லை, கதாசிரியரும் இல்லை. நான். ஒவ்வொரு தடவையும். அதற்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியில் எடுத்த வெள்ளி மோதிரத்தையும் மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

"அவளுக்கு அப்புறம் என்ன ஆகுது?" என்று கேட்டேன்.

"மலைக்கு அந்தப் பக்கம் அவ அம்மா இருக்காங்களாம். கூட்டிட்டுப் போறோம்," என்றாள் மனைவி.

டாக்டரின் மனைவி அப்போதுதான் எங்களைச் சரியாகப் பார்த்தார். "மேலே டிவி நல்லா தெரியுதா அண்ணா? பழசுதான். சங்கத்துல சாவி வாங்கி, துடைச்சுதான் வச்சோம்."

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "அந்த நாற்காலி..."

"கிளினிக்குதுதான். நோயாளி ரெண்டு பேர் நிக்கட்டுமே."

நான் மனைவியைப் பார்த்தேன். "அப்போ அலமாரி?"

"அலமாரி யாருக்கு வேணும்? ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது இந்த சோபாவுல உட்காரணும்னு ஆசையா இருந்துச்சு. வந்து உட்கார்ந்தா, கையில கிடைச்சது இது ஒண்ணுதான். நல்லாதாங்க இருக்கு." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "இது முடியப் போகுது. அஞ்சாம் பாகம் எந்தப் பெட்டியில இருக்கு?"

டாக்டர் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார். நான் மற்றவற்றைத் துடைத்துத் துடைத்து, பழையபடி அலமாரியில் அடுக்கினேன். பத்தும் தப்பித்துவிட்டன. மனம் நிறைந்தது. முடிந்தவுடன் சோபாவின் ஓரத்தில், ஈரம் படாமல், பாதி உடம்பை மட்டும் வைத்து உட்காரலாம் என்று பார்த்தேன்.

"பெட்டி எல்லாம் இங்கேயே பத்திரமா இருக்கட்டும்," என்றாள் மனைவி. "நீங்க ரெண்டு பேரும் குடையை எடுத்துக்கிட்டு மேலே போங்க."