எல்லாக் கட்டமும் பச்சை

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு முனை அப்பா கையில், இரண்டு முனை மகள் கையில். உதறி, பாதியாக மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்கும்போது மகள் கேட்டாள்.

"இணையத்துல காலண்டரை மாத்தினீங்களாப்பா?"

"மாத்திடலாம், மாத்திடலாம். நீ முனையைச் சரியாப் பிடி. மாடி இன்னிக்குக் காலிதான், தங்கிட்டுப் போயேன்."

"அடுத்த மாசம் வர்றேன்ப்பா. முதல் வியாழன்லேர்ந்து ஞாயிறு வரைக்கும், நாலு நாள். நிச்சயம்."

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். பதினொரு நாள் கழித்து அப்பா இல்லை. ஆனால் அவருடைய காலண்டர் இருந்தது.

வாசகரே, இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மாடியில் இரண்டு அறையைச் சுத்தம் செய்து, திரைச்சீலை மாட்டி, நல்ல வெளிச்சத்தில் நான்கு படம் பிடித்து, நாள் வாடகைக்கு என்று இணையத்தில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத வீட்டுக்காரர்கள். பச்சைக்கட்டக்காரர்கள் என்று பெயர் வைப்போம். இவர்கள் காலண்டரில் ஜனவரி முதல் டிசம்பர் வரை அத்தனை கட்டமும் பச்சை. பச்சை என்றால் காலி. அந்தப் பச்சையை நம்பி நீங்கள் லீவு சொல்லி, குழந்தையின் பால்புட்டியிலிருந்து மாமியாரின் மூட்டுவலித் தைலம் வரை மூட்டை கட்டி, ஆறு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்து இறங்கினால், வாசலில் ஏற்கெனவே நான்கு ஜோடிச் செருப்பு கிடக்கும். கதவு திறக்கும். வீட்டுக்காரர் முகத்தில் சங்கடம் இருக்குமா? மருந்துக்கும் இருக்காது. சந்தோஷம் இருக்கும்.

"அடடே, நீங்களும் வந்துட்டீங்களா! வாங்க, வாங்க!"

அப்பா இந்த இனத்தின் அசல் மாதிரி. மகளோ ரயில் சிக்னல் பொறியாளர். ஒரு தண்டவாளத்தில் ஒரு ரயில் நிற்கும்போது இன்னொரு ரயிலுக்குப் பச்சை விழக்கூடாது. பதினான்கு வருடமாக அவள் பார்க்கும் வேலை அது ஒன்றுதான். அப்படிப்பட்டவள் பிறந்த வீட்டில் ஒரே மாடிக்கு ஒரே நாளில் இரண்டு குடும்பம்.

"எல்லாத்துக்கும் பச்சை போட்டா மோதிக்கும்ப்பா."

"ரயில் மோதும். மனுஷங்க கொஞ்சம் ஒதுங்கிப்பாங்கம்மா, இன்ஜினியரம்மா."

"அப்போ நிரம்பின நாளுக்காவது சிவப்புப் போடுங்களேன்."

"சிவப்புப் போட்டா இந்த வீட்டுல இடம் இல்லைன்னு ஆயிடுமே. அதை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் சொல்றது?"

இதற்கு எந்தப் பொறியியல் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

முதலில் வந்தவர்களுக்கு மாடி. அடுத்து வந்தவர்களுக்கு அப்பாவின் படுக்கையறை. அப்பாவுக்குக் கூடத்து சோபா. ஒருமுறை மூன்றாவதாகவும் ஒரு குடும்பம் வந்து நின்றது. அவர்களுக்கு இடம் தர முடியவில்லை. தேநீரும் வெந்நீரும் கொடுத்து, தெருத் தெருவாகத் தானே கூட்டிக்கொண்டு போய் வேறொரு விடுதியில் விட்டுவிட்டு வந்தார். பையையும் அவரே தூக்கினார். அவர்கள் இணையத்தில் எழுதிய கருத்து இன்னும் இருக்கிறது: "நாங்கள் இங்கே தங்கவில்லை. ஐந்து நட்சத்திரம்."

அப்படியானால் உண்மையான கணக்கு எங்கேதான் இருந்தது? குளிர்சாதனப் பெட்டிக் கதவில், காந்தத்தின் அடியில், பழைய தபால் உறை ஒன்றின் முதுகில். பென்சில் எழுத்து. பெயர்கள் கிடையாது. 'குடையை விட்டவங்க', 'ரெட்டைக் குழந்தை', 'குறட்டை வாத்தியார்'. ஆறு வருடத்தில் மகள் மூன்று முறை காலண்டரைச் சரிசெய்து கொடுத்தாள், பெரிய எழுத்தில் வழிமுறையும் அச்சடித்துக் கொடுத்தாள். அப்பா அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். மாடி மேசை ஆடாமல் இருக்க, அதன் கால் அடியில்.

அப்பா போய் இருபது நாள் ஆயிற்று. புதன்கிழமை காலை. மகள் அப்பா வீட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே அப்பாவின் கைபேசி. யாராவது பச்சையை நம்பி மூட்டை முடிச்சோடு வந்து நிற்பதற்குள், விளம்பரத்தை மொத்தமாக எடுத்துவிட வேண்டும். வந்து நிற்பவர்களிடம் வாசலில் வைத்து அந்தச் செய்தியைச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அமுக்குவதற்கு முன் காலண்டரைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள்.

பச்சை, பச்சை, பச்சை. நாளை வியாழன் மட்டும் சிவப்பு. வெள்ளி, சனி, ஞாயிறும் சிவப்பு.

கணினிக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்து போய் உறையை எடுத்துவந்தாள். ஒரு மூலையில் அப்பாவின் பொடி எழுத்தில் இருந்தது: 'மூணு கோடு அமுக்கணும். தேதி. சிவப்பு. அப்புறம் சேமி.' சேமிக்குக் கீழே இரண்டு கோடு.

கைபேசி அடித்தது.

"ஐயா, நான்தான். குடையை விட்டுட்டுப் போனவ."

"அம்மா, நான் அவர் மகள் பேசறேன்."

"ஓ, வந்தாச்சா! அப்பா வெளியில போயிருக்காரா?"

மகள் உறையை மேசைமேல் வைத்தாள்.

"அப்பா இறந்துட்டாரும்மா. இருபது நாளாச்சு."

"அய்யோ, என்னம்மா இது... போன மாசம்தானே பேசினேன். என் பையன் அங்கே ஹாஸ்டல்ல இருக்கான், அவனைப் பாக்க வரும்போதெல்லாம் உங்க மாடிதான். இந்த வியாழக்கிழமைக்குக் கேட்டேன். இல்லைன்னுட்டாரு."

"யாரு, அப்பாவா?"

"அதானே! அவர் வாயில இல்லைன்னு வந்து நான் கேட்டதே இல்லை. நம்பரை மாத்திப் போட்டுட்டேனோன்னு கட் பண்ணிட்டு மறுபடியும் அடிச்சேன். மறுபடியும் இல்லைன்னாரு. பொண்ணு வர்றா, நாலு நாள் தங்கறா, நிச்சயம்னு சொல்லியிருக்கா, இனிமே அந்த நாலு நாளைக்கு யார் வந்தாலும் இடம் இல்லைன்னு ஒரே பெருமை. அவ போனதும் கூப்பிடுங்கன்னாரு. அடுத்த வியாழனாவது கிடைக்குமான்னு கேக்கத்தான் இப்போ..." குரல் இறங்கியது. "பரவாயில்லைம்மா. நான் வேற இடம் பாத்துக்கறேன். உங்களுக்கு எவ்வளவோ இருக்கும்."

அடுத்த மாசம், நிச்சயம். மகள் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு தண்டவாளத்தில் ஏதாவது ஒரு கோளாறு வரும், அரை நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவாள். உறையில் 'இன்ஜினியர்' என்று எழுதிய இடத்தில் தேதியை அழித்து அழித்து எழுதியதில் காகிதம் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது.

"வேற இடமெல்லாம் பாக்காதீங்க," என்றாள். "வாங்க. கதவுக்குப் பின்னாடி உங்க குடை அப்படியே தொங்குது."

"நிஜமாவா? இடம் இருக்கா?"

"இருக்கு."

பென்சிலைத் தேடி எடுத்து உறையில் எழுதினாள்: 'குடை, அடுத்த வியாழன்'. அதைக் காந்தத்தின் அடியில் மாட்டினாள். மடிக்கணினியை மூடினாள். அடுத்த வியாழன் காலண்டரில் பச்சையாகவே இருந்தது. விளம்பரமும் இருந்தது. மாற்றிவிடலாம், மாற்றிவிடலாம்.

பார்த்தீர்களா? பதினான்கு வருட சிக்னல் பொறியாளர்!

நீங்கள் சிரிக்கலாம். உங்களிடம் மாடி இல்லை, விளம்பரம் இல்லை, காலண்டரை வாராவாரம் திருத்துகிறவர் நீங்கள். நல்லது. ஆனால் போன மாதம் தொலைபேசியை வைக்கிற அவசரத்தில் யாரிடமோ 'சீக்கிரமே வர்றேன்' என்று சொன்னீர்களே, அந்தக் கட்டம் இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது? அந்தப் பக்கத்தில் ஒருவர் அதை நம்பி, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். சும்மா சொல்லிவைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. சொன்ன தேதிக்கு மகள் பையோடு மாடி ஏறினாள். கடைசியாக அவர்கள் மடித்த விரிப்பை அப்பா கட்டிலில் விரித்து, மூலைகளை இழுத்துச் செருகிவைத்திருந்தார். ஜன்னலைத் திறந்தாள். அது நிற்கவில்லை, காற்றில் வந்து அடித்துக்கொண்டது. கொக்கி உடைந்து ஆறு வருடம் ஆகிறது, வந்து தங்கிய ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள், ஒவ்வொருவருக்கும் அப்பா மாத்திடலாம் என்றார். உறையின் அடிவரியில் அதுவும் இருந்தது. அப்பா கெடு வைத்து எழுதிய ஒரே வேலை.

'மாடி ஜன்னல் கொக்கி வாங்கணும். வியாழனுக்குள்ள.'