நடுவில் கொடுத்த ஜாக்கி

யானையைக் குளிப்பாட்டுகிறவனுக்குப் பூனையைக் குளிப்பாட்டுவது ஒரு வேலையாகவே தெரியாது. பூனையை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்பதுதான் இதில் சிக்கல்.

என் யானை, நெய்வேலி சுரங்கத்தில் மண்ணை வெட்டிக்கொண்டே நகரும் ராட்சத இயந்திரம். நாலு மாடிக் கட்டடம் எழுந்து நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதைப் பழுது பார்க்கும் பிரிவில் நான் பெர்மனென்ட். பூனை, என் மாமனார் ஆசை ஆசையாக வாங்கியிருந்த வெள்ளி நிறக் கார்.

மாமாவுக்கு ஊர் நெல்லிக்குப்பம். ஆயுசு முழுக்கக் கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பியவர். பழைய மொபெட்டிலேயே காலத்தை ஓட்டிவிட்டு, மகள் கல்யாணம் முடிந்த கையோடு முதல் காரை வாங்கினார். எங்கள் தலைப்பொங்கலுக்கு மார்கழியிலேயே சீர் கொண்டுவந்தது அந்தக் காரில்தான். கூரைமேல் கரும்புக்கட்டு. கீறல் விழக் கூடாதென்று கட்டுக்கு அடியில் ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டிருந்தார். (அந்தப் போர்வையைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.) தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில், இதே காரில் மேல்பட்டாம்பாக்கம் போய் என் மைத்துனனுக்குப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பெண் வீட்டு வாசலில் சொந்தக் கார் போய் நிற்க வேண்டும் என்பது அவருடைய கனவு.

சாப்பாடு முடிந்து, தாம்பூலம் கொடுத்து வழியனுப்பினோம். அத்தை பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். மாமா வண்டியை எடுத்தார். நாலடி போனதும் 'டபக் டபக்' என்று சத்தம். இடப்பக்கப் பின் டயரில் துளி காற்றில்லை.

"அப்பா, நீங்க சும்மா இருங்க. இவரு பார்த்துப்பாரு" என்றாள் கலை. என் மனைவி. 'மெஷினையே தூக்கி நிறுத்துவாரு எங்க வீட்டுக்காரர்' என்று நெல்லிக்குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள். அந்த ஒரு வாக்கியத்தைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது என் தலையில்.

மாமா டிக்கியிலிருந்து காரோடு வந்த ஜாக்கியை எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடியாப்ப அச்சு இதைவிடக் கனமாக இருக்கும். "இதெல்லாம் விளையாட்டுச் சாமான் மாமா" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் லாரி வைத்திருக்கும் நண்பனிடம் ஓடி அவனுடைய ஹைட்ராலிக் ஜாக்கியை வாங்கி வந்தேன். மேலே வைக்க ஒரு மெத்தை வேண்டுமே? எங்கள் வாசலில் கால்மிதியாகக் கிடந்த கன்வேயர் பெல்ட் துண்டை எடுத்தேன். (அந்தத் துண்டு இல்லாத குவார்ட்டர்ஸ் வாசலை நெய்வேலியில் காட்டுங்கள், பேரை மாற்றிக்கொள்கிறேன்.)

"அத்தை, ஒரு நிமிஷம் இறங்கிக்கிறீங்களா?"

"போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு உக்காந்தவ எப்பிடி மாப்ள எறங்குறது? சகுனத் தடை. நீங்க பாட்டுக்குத் தூக்குங்க."

தூக்கினேன். எங்கே? அங்கேதான் என் மேதாவிலாசம். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டை ரன்னிங் போர்டு என்பார்கள். அதற்குச் சரியாக நடுவில் ஜாக்கியைக் கொடுத்தேன். மாமா குனிந்து பார்த்தார்.

"மாப்ள, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வெட்டு வெச்சிருக்கான் பாருங்க. பின்வெட்டுலதான் ஜாக்கி குடுக்கணும்னு வண்டி எடுக்கும்போது சொல்லிகினு இருந்தான்."

"அது மழைத்தண்ணி வடியறதுக்கு மாமா. நடுவுல குடுத்தா பேலன்ஸ் கிடைக்கும். ரெண்டு சக்கரமும் ஒண்ணாத் தூக்கும் பாருங்க."

சுரங்கத்தில் அது சரிதான். அங்கே தகடு என்றால் கைமுட்டி கனம். எங்கே முட்டுக் கொடுத்தாலும் இரும்பு 'சரி' என்று கேட்டுக்கொள்ளும். காரின் தகடு அப்படி வளர்க்கப்படவில்லை. நாலு பம்பு அடித்தேன், கார் எழுந்தது. "பாருங்க!" என்றேன். இன்னும் இரண்டு அடித்தேன். காலி எண்ணெய் டின்னை மிதித்த மாதிரி ஒரு சத்தம். கார் மறுபடி உட்கார்ந்தது. ஆனால் ஜாக்கி இறங்கவே இல்லை, தகட்டுக்குள் புகுந்து நின்றது.

முதலில் குரல் கொடுத்தது அத்தை.

"கலையேய்! கதவு தொறக்க மாட்டேங்குதுடி!"

தகடு உள்ளே போனதில் கதவின் அடிப்பக்கம் இறுகிப் பிடித்துக்கொண்டது. நான் வெளியே இழுக்க, அவர் உள்ளே தள்ள, பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் மட்டும் நன்றாகத் திறந்தன. கடைசியில் அத்தை கியரைத் தாண்டி, ஸ்டியரிங்கில் முந்தானை மாட்டி, டிரைவர் பக்கமாக வெளியே வந்தார்.

"எறங்கக் கூடாதுன்னு நான் சொன்னேன். எறங்கவே முடியாதபடி மாப்ள பண்ணிட்டாரு" என்றார்.

மாமா குனிந்தார். கன்றுக்குட்டியின் காலைத் தடவுவது போல நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறலுக்காகப் போர்வை விரித்த மனுஷர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "தை பொறக்கறதுக்குள்ள சரி பண்ணி வையுங்க மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு, இருவரும் பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். சீர் கொண்டுவந்தவர்களைப் பஸ் ஏற்றி அனுப்பிய மருமகன் எங்கள் டவுன்ஷிப்பிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெட்கமாக இருந்தது.

வெட்கம் மறுநாள் காலை வரைதான். தூங்கி எழுந்ததும் என் தன்னம்பிக்கையும் கூடவே எழுந்துவிட்டது. உள்ளே போன தகட்டை வெளியே இழுத்தால் தீர்ந்தது! கனச் சாமானைச் சங்கிலியால் தூக்கும் செயின் பிளாக் ஒன்றைக் கொண்டுவந்து வாசல் தோட்டத்துப் பலாமரத்தில் கட்டினேன். கொக்கியைத் தகட்டின் விளிம்பில் மாட்டினேன்.

"வேணாங்க, ஆளைக் கூப்பிடுங்க" என்றாள் கலை.

"நானே ஆளுதான்" என்றேன்.

இழுத்தேன். கார் பக்கவாட்டில் மரத்தை நோக்கி ஒரு அடி நகர்ந்தது. மேலும் இழுத்தேன். விளிம்பு மட்டும் கிழிந்து கொக்கியோடு வந்தது. மேலிருந்து ஒரு பலாப்பிஞ்சு விழுந்து பானெட்டில் உட்கார்ந்தது. அதுவரை நசுங்கியிருந்த கார், இப்போது நசுங்கிக் கிழிந்த கார். கலை உள்ளே போய், பக்கத்து ஊர் வடக்குத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் சேகருக்குப் போன் போட்டாள்.

அவன் ஆள் வந்து டயரை மாற்றி, காரைப் பட்டறைக்கு ஓட்டிப்போனான். சேகர் பார்த்தான். பிறகு பட்டறையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"நசுங்கினது தெரியுது சார். கிழிஞ்சது எப்பிடி?"

"இழுத்தேன்."

"எதால?"

"பலாமரத்தால."

அவன் சிரித்து முடிக்கும்வரை ஓரமாக நின்றேன். ரன்னிங் போர்டு மூடிய பெட்டி, உள்ளேயிருந்து தட்டி எடுக்கக் கையே போகாது என்று அப்போதுதான் சொன்னான். நசுங்கிய இடத்தில் வரிசையாகச் சின்ன வளையங்களைப் பற்றவைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தான். கிழிசலை வெல்டு வைத்து மூடினான். வளையங்களை நீக்கித் தேய்த்து, பட்டி பூசி, மறுபடி தேய்த்து, பெயின்ட் அடித்தான். கதவு பழையபடி திறந்து மூடியது. ஆனால் வெள்ளி நிறம் பொல்லாதது, எத்தனை கலந்தாலும் ஒன்றோடு ஒன்று சேராது. நிழலில் தெரியவில்லை. வெயிலில் அந்த இடம் மட்டும் திருநீறு பூசியது போல வெளுத்துத் தெரிந்தது.

தையில் பெண் பார்க்கப் போனோம். நல்ல வெயில். மேல்பட்டாம்பாக்கத்தில் பெண் வீட்டு வாசலுக்கு வந்ததும், மாமா இடப்பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்தினார். பெயின்ட் மறைந்தது. கதவும் மதிலில் முட்டியது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி பட்டுப்புடவையோடு கியரைத் தாண்டி, டிரைவர் பக்கமாக, மொத்த சம்பந்தி வீட்டார் முன்னிலையில் இறங்கினார். இந்த முறை பழகியிருந்ததால் முந்தானை மாட்டவில்லை.

சம்பந்தம் முடிந்தது. அந்தப் பெண் மருமகளாக வந்த பிறகு சொன்னாள்: "அந்த வூட்ல பொம்பளைங்க டிரைவர் பக்கமாத்தான் எறங்கணுமான்னு எங்கம்மா ஒரு வாரம் யோசிச்சிகினு இருந்தாங்க."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் கேஸ் சிலிண்டர், பீரோ, பொங்கல் பானை எதைத் தூக்கப் போனாலும், "மாப்ள, நடுவுல குடுக்காதீங்க" என்று ஒரு குரல் வந்துவிடும். நானும் விட்டுக்கொடுப்பதில்லை. மெஷினாக இருந்தால் நடுவில் கொடுத்தது சரிதான் என்று இன்றுவரை வாதாடுகிறேன்.

ஒரே ஒரு முறைதான் வாதாடவில்லை. எங்களுக்கு மகள் பிறந்த அன்று. துணியில் சுற்றிய அவளை வாங்கக் கை நீட்டினேன். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குத் தன்னம்பிக்கை இல்லை. மாமா பக்கத்தில் வந்து, என் ஒரு கையைப் பிள்ளையின் கழுத்துக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் வைத்தார்.

"ரெண்டு வெட்டு மாப்ள. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு" என்றார். "இப்பத் தூக்குங்க."