சுவரைப் பார்த்து நிற்கும் புனிதர்

காலையில் பல் துலக்கியதும் என் மாமா செய்யும் முதல் காரியம், அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக நிற்கும் புனிதர்களில் யாரைச் சுவர்ப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுப்பது. இரண்டு விரலால் கழுத்தைப் பிடிப்பார், ஜாடி மூடியைத் திருகுவதுபோல் மெல்லத் திருப்புவார், காலடித் தூசியை ஊதுவார். தண்டனை ஆரம்பம். கேட்ட காரியம் முடிந்தால்தான் விடுதலை.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புனிதர்களுக்கு மேலதிகாரியாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர்கள். பக்தர்கள் என்று சொல்ல நா கூசுகிறது. பக்தர் கேட்பார், இவர்கள் உத்தரவிடுவார்கள். மாமாவின் சட்டைப்பையில் சீட்டுக்கட்டுபோல் எப்போதும் புனிதர் படங்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் பல்வலி என்று வாயைத் திறந்தால், அதை மூடுவதற்குள் அப்பொலோனியம்மாள் அவர் கையில் இருப்பார். வீடு விற்கவில்லையா, சூசையப்பர். எல்லோரும் கைவிட்ட வழக்கா, யூதா ததேயு. சாவி தொலைந்ததா?

"அந்தோனியாருக்கு இப்ப வேலை ஜாஸ்திடா. ஆளாளுக்கு எதையாவது தொலைச்சுக்கிட்டே இருக்காங்க. இதுக்கெல்லாம் அவரத் தொந்தரவு பண்ணாத. போய்க் கட்டிலுக்கு அடியில பாரு."

கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

சரி, இத்தனை பேரையும் வேலை வாங்குகிறவருக்கு அவர்கள் வாழ்ந்த கதை தெரியுமா? தெரியாது. ஊழியர் வீட்டுக் கஷ்டம் அதிகாரிக்கு எதற்கு?

சென்ற ஆண்டு மாமாவின் மகளுக்குக் குரல்நாணில் கட்டி வந்தது. அவள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. நாற்பது வாண்டுகளைக் குரலை மட்டும் வைத்துக் கட்டி மேய்ப்பவள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் திரும்புமா என்பதற்கு மருத்துவர் உறுதி தரவில்லை. மாமா அன்று மாலையே தொண்டைக்குரிய பிளேசியாரின் சுரூபத்தை, ஒரு சாண் உயரச் சிலையை, வாங்கி வந்தார். மூன்று நாள் கெடு. கட்டி கரையவில்லை. நான்காம் நாள், சுவர்.

"புதுசா வந்த மனுஷன்," என்றார் அத்தை. "வீட்டையே இன்னும் சரியாப் பாக்கல. அதுக்குள்ள செவுத்தப் பாக்க வச்சுட்டீங்க."

"வேலைய முடிக்கட்டும். வீட்ட நானே சுத்திக் காட்டறேன்."

மகள் காற்றாகிப்போன குரலில் சொன்னாள்: "அவரு கழுத்தையே வெட்டிட்டாங்கப்பா."

"யாரோட கழுத்த?"

"பிளேசியாரோட. அப்பொலோனியாவுக்குப் பல்ல உடைச்சாங்க. சமையல்காரங்களுக்குப் படம் குடுப்பீங்களே, லாரன்ஸ், அவரக் கம்பி மேல போட்டு வாட்டினாங்க. யாருக்கு எங்க வலிச்சுதோ, அந்த இலாகாவையே தலையில கட்டிட்டோம்."

மாமா சுரூபத்தின் கழுத்தைப் பார்த்தார். தினமும் தாம் திருகும் இடம். இம்முறை பாதத்தைப் பிடித்து, அவரை அறையைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

அறுவை நல்லபடி முடிந்தது. இரண்டு வாரம் அவள் வாய் திறக்கக் கூடாது. திறந்தபோது வந்த முதல் வாக்கியம், "அப்பா, அலமாரிகிட்ட போகாதீங்க." குரல் கணீரென்று இருந்தது. "பாத்தியா, வாங்கற விதத்துல வேலை வாங்கணும்," என்று மாமா என்னிடம் கண்ணடித்தார். மறுநாளே சட்டைப்பை புடைத்தது.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சுரூபமே இல்லாதிருக்கலாம். ஆனால் காய்ச்சலுக்கு மட்டும் நினைவுக்கு வரும் டாக்டர் நண்பர், விண்ணப்பம் நிரப்ப மட்டும் கூப்பிடும் மைத்துனர் என்று உங்கள் கைப்பேசிக்குள்ளும் ஓர் அலமாரி இருக்குமே? அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டதுண்டா? பதில் வராவிட்டால் எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறீர்கள்?

அறுவை நடந்த அன்று நான் வேலைக்குப் போய்விட்டேன். பல மாதம் கழித்துத்தான் அத்தை சொன்னார். அந்த இரண்டு மணி நேரமும் மாமா உட்காரவே இல்லையாம். ஆஸ்பத்திரி வராந்தாக் கோடியில், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாராம்.

"அவள வெளிய கொண்டு வந்த பிறகும் அப்படியே நின்னாரு. நான்தான் தோளப் பிடிச்சுத் திருப்பினேன்."