கரடிக்கு முதலாளி குரல்

நான்கு மாதம் என் முதலாளியைக் கரடியாக்கி வைத்திருந்தேன். சத்தியமாக, அவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். மகள் சுமதிக்கு நான்கு வயது. நான் வேலைக்குக் கிளம்பும்போதும் தூங்குவாள், திரும்பும்போதும் தூங்குவாள். என்னை யாரோ விருந்தாளி என்று நினைத்துவிடுவாளோ என்ற பயத்தில், ஞாயிறு காலைகளில் அவளுக்குக் கதை வாசிக்கத் தொடங்கினேன். வீட்டில் இருந்தது ஒரே புத்தகம்: தேன் தேடிப் போகும் கரடியும், அதை ஏமாற்றும் நரியும். வாராவாரம் அதையேதான் கேட்பாள். அலுப்புத் தீரக் கரடிக்கு முதலாளியின் குரலைக் கொடுத்தேன். அவர் பேசுமுன் மூன்று முறை செருமுவார், எதைச் சொன்னாலும் "புரியுதுங்களா?" என்று முடிப்பார். (நடிப்பில் நான் பெரிய ஆள் என்ற நினைப்பு வேறு.)

ஒரு ஞாயிறு, பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையோடு முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து மூன்று முறை செருமினார்.

"பொதங்கெழம காதுகுத்துங்க. குடும்பத்தோட வந்தரோணும், புரியுதுங்களா?"

உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள் சுமதி.

"அம்மா! கரடி வந்திருச்சு!"

காபியோடு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்தக் கரடி கண்ணு?" என்றார் முதலாளி.

புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "இதுதானுங்க. அப்பா படிச்சா உங்களையாட்டவே பேசுமுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். அடுத்து எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

"படிங்க, கேப்போம்."

ரேஷன் கடை அறிவிப்புப் போலப் படித்தேன். சுமதி விடவில்லை. "இப்படி இல்லீங்கப்பா! செருமுங்க!"

செருமினேன். (சளி என்று நினைத்துக்கொள்வார் என்று ஒரு நப்பாசை.)

முதலாளி கையை நீட்டினார். "உங்களுக்குச் சரியா வரலீங்க. இங்க குடுங்க."

அவரே படித்தார். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, மெதுவாகப் படித்தார். சுமதி அவர் முழங்காலில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி கேட்டாள். காபி ஆறிப்போனது. கடைசிப் பக்கம் முடிந்தும் அவர் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

"எம் பசங்களுக்கு ஒரு நாளும் படிச்சுக் காட்டுனதில்லீங்க. அவனுக வளந்ததே எனக்குத் தெரியாது."

மறுநாள் ஆபீசுக்கு அழைத்தார். சீட்டுக் கிழிந்தது என்றுதான் போனேன்.

"இனி ஏழு மணிக்கெல்லாம் கெளம்பிருங்க. பாப்பா முழிச்சிருக்கறப்பவே ஊட்டுக்குப் போயிருங்க" என்றார். பிறகு, "ஏனுங்க, அந்த நரிக்கு யாரு குரல்?"

மேனேஜர் பக்கத்திலேயே நின்றதால் நான் பதில் சொல்லவில்லை.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். எங்கள் வீட்டில் புத்தகங்கள் ஒன்று பத்தாகின. என் மகள் என்னை விருந்தாளியாக நினைக்காமல் வளர்ந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் அவர்தான்.

சுமதியின் கல்யாணத்தில் தடியூன்றி மேடையேறி வந்தார். "இவர் யாருங்க மாமா?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தானுங்க கரடி."

ஆல்பத்தில் அந்த ஒரு படத்தில் மட்டும் மாப்பிள்ளை திருதிருவென்று முழித்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் அதற்கான காரணத்தைக் கேட்காமல் தப்பித்துப் போனதில்லை.