உன் புத்தகத்தில் வரும் அந்த அப்பா

பங்காருபாளையம்
9-6-2006

மகாலட்சுமிக்குச் சமமான மகள் தாட்சாயணிக்கு நைனா கன்னையா எழுதும் கடிதம். இங்கு நானும் உன் அம்மா பொன்னியம்மாவும் சுகம். நீ அங்கு சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் சுகமில்லை என்று நீயே இருநூற்று நாற்பது பக்கத்துக்கு இங்கிலீஷில் அச்சடித்து அனுப்பிவிட்டதால், அந்த ஒரு வரியை மிச்சம் பிடித்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் "ஒண்ணும் இல்ல நைனா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

புத்தகம் கூரியரில் வந்த அன்றே எனக்குச் சந்தேகம். அட்டையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். நல்ல விஷயம் எழுதியிருந்தால் முகத்தைக் காட்ட என்ன கேடு? எனக்கு இங்கிலீஷ் வராது என்கிற தைரியத்தில்தானே எழுதினாய்? நானும் விடவில்லை. சித்தூரில் டுடோரியல் நடத்தும் ஹரிபாபு சாரிடம் புத்தகத்தையும் ஒரு பெட்டி பேனிஷா மாம்பழத்தையும் கொண்டுபோய் வைத்தேன். பி.ஏ. பிள்ளைகளுக்கெல்லாம் அவர் போடும் நோட்ஸ்தான் வேதம். கதைப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமலே பாஸாகிவிடுவார்கள். நாலாம் நாள் நாலு பக்கம் ஜெராக்ஸ் கொடுத்து, தமிழில் விளக்கியும் சொன்னார். கேரக்டர்ஸ், தீம்ஸ், சிம்பல்ஸ் என்று மூன்று பாகம். மூன்றிலும் நான்தான் மாட்டியிருக்கிறேன்.

கேரக்டர் நம்பர் ஒன்று, அப்பா. மீன் படகு வைத்திருப்பவர். பிள்ளைகளை பெல்ட்டால் அடிப்பவர். யாரிடமும் பேசாதவர். பழமையின் சின்னம். இதைக் கேட்டதும் என் காது சூடாகிவிட்டது. பங்காருபாளையத்தில் கடல் ஏதம்மா? டிராக்டரைப் படகாக மாற்றிவிட்டால் நைனாவுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? வேட்டி கட்டுகிறவனுக்கு பெல்ட் ஏது? நாயகிக்கு இரண்டு அண்ணன்களாம். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவள் நீ, அதையும் ஆளைத் திசைதிருப்பத்தான் போட்டிருக்கிறாய். "ஊர்ல ஒருத்தர்கூட கண்டுபிடிக்க முடியாது சார், பொண்ணு கெட்டிக்காரி" என்று நான் சொன்னேன். அதற்கு அவர், "அண்ணா, சிம்பல்னா மேலுக்கு ஒண்ணு, உள்ளுக்கு ஒண்ணு, அர்த்தமாயிந்தா?" என்றார். எனக்கா புரியாது?

கேரக்டர் நம்பர் நான்கு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரி. இதை நான் வாய் தவறி உன் அம்மாவிடம் சொல்ல, அவள் தெருக்குழாயில் சொல்ல, பக்கத்து வீட்டு லட்சுமம்மா இடுப்பில் குடத்தோடு வந்து நின்றாள். "இன்னா கன்னையா, உம் பொண்ணு என்னெ எழுதி வச்சிக்கீறாளாமே? நான் இன்னா ஊர் வம்பா பேசிக்கினு கீறேன்? அவளுக்கு எவ்ளோ களி கிண்டிப் போட்டிருப்பேன், துன்னுட்டு மறந்துட்டாளா?" என்று ஒரு மணி நேரம். அன்றிலிருந்து அவள் ஜன்னலைத் திறப்பதில்லை. நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அவள் படும் பாடு, பார்க்கவே பாவமாக இருக்கிறது.

தீம்ஸ் பாகத்தில் தலைமுறை இடைவெளி என்று இருக்கிறது. பதினாலாயிரம் கிலோமீட்டர் இடைவெளியை வைத்தது நீயா நானா? போகட்டும், அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். கடைசிப் பக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. நாயகி, அப்பா எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறாளாம். அது விடுதலையின் சின்னமாம். ஏழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் நாலே நாள் வந்துபோனாய். வேலை, விசா என்றாய், நம்பினேன். காரணம் நான்தானா? நீ கிளம்புமுன் ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தது உண்மை. பிளேன் ஏறிய அன்று டிராக்டர் ரிப்பேர் என்று மெட்ராஸுக்கு வராமல் இருந்ததும் உண்மை. டிராக்டருக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பார்க்கத் தெம்பில்லை. அதற்காக, கடிதத்தைப் பிரிக்காமல் அனுப்பும் அளவுக்கா நான் கெட்டவன்? என் கையெழுத்தைக் கண்டால் இதையும் திருப்பி அனுப்புவாய் என்பதால், முகவரியை லட்சுமம்மாவின் பேத்தி பிரியங்காவை விட்டு எழுதச் சொல்லப்போகிறேன். இனிமேல் நீ புத்தகம் எழுத வேண்டாம். எழுதியே தீருவேன் என்றால் என்னை விட்டுவிட்டு எழுது.

பெற்ற வாய் சபிக்காது. நோய் நொடி அண்டாமல் நூறு வயது இரு. ஏழுமலையானிடம் உனக்காக வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான், அதில் கோபத்தைக் கலக்கவில்லை.

இப்படிக்கு,
உன் நைனா,
கன்னையா

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடு. ஏழு நாள் உட்கார்ந்து எழுதியதால் கிழிக்க மனம் வரவில்லை. முகவரி எழுத வந்த பிரியங்கா திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கிறவள். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "தாத்தா, இதுல படகே இல்லியே" என்றாள். ஹரிபாபுவுக்குப் போன் போட்டேன். "புக்கை எவன் அண்ணா படிக்கிறான்? வெளிநாடு போன பொண்ணு கதைன்னா எல்லாம் ஒண்ணுதான். வேற கதைக்குப் போட்ட பழைய நோட்ஸ்ல பேரை மட்டும் மாத்திக் குடுத்தேன், நாலு பேட்ச் பாஸாயிருக்கு" என்கிறார். பிரியங்காவை இரண்டு நாள் உட்காரவைத்து முழுப் புத்தகத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அம்மா இருக்கிறாள். நம் கிணறு இருக்கிறது. லட்சுமம்மாவின் முருங்கை மரம்கூட ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. அப்பா என்று ஒருத்தர் எங்கேயும் இல்லை. "மறுபடி பாரும்மா" என்றேன், அவளும் பார்த்தாள். திட்டக்கூட ஒரு வரி இல்லையே தாட்சாயணி. அடுத்த புத்தகத்தில் என்னைப் போடு. கெட்டவனாகவே போடு, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் லீவு போட்டு ஒரு மாதம் இங்கே வந்து, என்னைப் பார்த்துவிட்டு எழுது. என் முகம் உனக்கு மறந்துபோயிருக்கும்.